ராஜபாளையம் கலப்புக் குட்டி எவ்வளவு பெரிதாகும்?

கேள்வி: ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ஒரு கடுவன் குட்டி வாங்கியிருக்கிறேன். தாய் ராஜபாளையம், தகப்பன் எது என்று தெரியவில்லை. நாலு மாதம் ஆகிறது என்றார்கள். எடை 9 கிலோ. பாதம் பெரிதாக இருப்பதால் 30 கிலோ தாண்டும் என்கிறார்கள். உண்மையா? கால்சியம் டானிக் கொடுத்தால் இன்னும் வளருமா?
– ஆடு வளர்ப்பவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்த வயதில் பல குட்டிகளுக்குப் பாதம் உடம்பை விடப் பெரிதாகத்தான் தெரியும். வயதும் எடையும் சரியாகத் தெரிந்தால் ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

முதலில் வயதை நீங்களே சரிபாருங்கள். விற்பவர் சொல்லும் வயது பெரும்பாலும் ஒரு குத்துமதிப்புதான். வாயைத் திறந்து பாருங்கள். நாலு மாத வாக்கில் முன்பக்கத்துச் சின்னப் பால் பற்கள் விழத் தொடங்கும். கோரைப்பல் மாறுவது ஐந்து, ஆறு மாதத்தில். உங்கள் குட்டிக்கு முன்பற்கள்தான் இப்போது ஆடுகின்றன என்றால் நாலு மாதம் என்பது சரி. கோரைப்பல்லே விழுந்து புதிது முளைக்கிறது என்றால் வயது கூடுதல்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நடுத்தர உடம்புள்ள நாய் நாலு மாதத்தில் தன் முழு எடையில் ஏறக்குறைய பாதியை எட்டிவிடும். அப்படியானால் உங்கள் குட்டி 18 முதல் 21 கிலோ வரை வரலாம். அதே 9 கிலோ ஆறு மாதக் குட்டியின் எடை என்றால், 13, 14 கிலோவோடு நின்றுவிடும். எடையைக் குட்டியின் வயது வாரங்களால் வகுத்து 52-ஆல் பெருக்கும் கணக்கு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது கூட்டித்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

ஒரே எடையை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். ஆடு நிறுக்கும் தொங்கு தராசில் சாக்கு கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். ஏழு, எட்டு மாதத்துக்குப் பிறகு எடை ஏறும் வேகம் குறையும். உயரம் முதலில் நிற்கும். சதை பிடிப்பது ஒரு வயது தாண்டியும் நடக்கும்.

முடிந்தால் தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் போய்ப் பாருங்கள். நல்ல ராஜபாளையம் கடுவன் தோள்பட்டை வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் நிற்கும். நாட்டு நாய் அதைவிடச் சிறியது. கலப்புக் குட்டி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வரும். ஆனால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு, அதனால் ஒன்று நெடுநெடுவென்றும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் வியப்பில்லை.

சரி, டானிக். பிறவியிலேயே அமைந்த அளவுக்கு மேல் எந்தத் தீனியும் நாயை வளர்க்காது. அளவுக்கு மீறிய கால்சியம் உடம்பில் ஏறாமல் தடுக்கும் திறன் இளங்குட்டிக்குக் குறைவு. எலும்பும் மூட்டும் கெட்டுப்போகும். கடையில் விற்கும் குட்டித் தீவனம் கொடுத்தால் டானிக் வேண்டவே வேண்டாம். வெறும் சோறும் கறியும் மட்டும் போட்டால் கால்சியம் பற்றாமல் கால் வளையலாம். அப்போது எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குட்டித் தீவனத்தோடு அவித்த முட்டை, கோழிக்கறியும் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் ஆகாது. வயிற்றுப் புழு வளர்ச்சியை நன்றாகவே அமுக்கும். ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை புழு மருந்து கொடுங்கள்.

பட்டிக் காவலுக்கு 20 கிலோ நாய் தாராளமாகப் போதும். இன்று முதலே ஆடுகளுக்கு நடுவில் பழக்குங்கள். சின்ன வயதில் பழகாத நாய் பிறகு ஆட்டையே துரத்தும். குட்டி முழு வெள்ளை என்றால் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு, காவலுக்கு எடையை விடக் காதுதான் முக்கியம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்திலேயே போட வேண்டியது. இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.