புதிதாக எடுத்து வந்த பூனைக்குட்டி கையையும் காலையும் கடித்துக் குதறுகிறது, என்ன செய்வது?

தெருவில் தனியாகக் கிடைத்த குட்டி, முதல் வாரம் பரம சாது, இப்போது இரண்டரை மாதம் ஆகிறது, கையைக் கண்டாலே பாய்ந்து கடிக்கிறது, பின்னங்காலால் உதைக்கிறது, 'இது கோபக்காரப் பூனையா, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள். அதற்குக் கோபமும் இல்லை. உங்கள் கையை அது எலி என்று நினைக்கிறது, அவ்வளவுதான். அப்படி நினைக்க வைப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர்கள்தான். எங்கள் வீட்டில் அது நான்.

மதுரையில் எங்கள் குடியிருப்பின் மோட்டார் ரூமில், ஐப்பசி மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டி. ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம், தாய் வரவில்லை. சமையலறைத் தராசில் வைத்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கால்நடை டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, ஐந்து வாரம் இருக்கும் என்றார். கறுப்பாக, உருண்டையாக இருந்ததால் என் மகன் கடுகு என்று பெயர் வைத்தான். காரத்தைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அந்த வயதில் நாம் விரலை ஆட்டினால் அது பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து, குறி தப்பிக் குப்புற விழும். பார்க்க அவ்வளவு அழகு. போர்வைக்குள் கால்விரலை அசைத்து அசைத்து நானே பழக்கினேன். கடித்தாலும் கிச்சுகிச்சு மூட்டுவது போலத்தான் இருக்கும். ஒன்றரை மாதம் கழித்து, ஒரு கிலோ எடையோடும் ஊசி ஊசியான பற்களோடும், அதே விளையாட்டுக்கு அது வந்தது. காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவுப் பக்கம் போவேன். சோபாவுக்கு அடியில் இரண்டு கண். கொலுசுச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து கணுக்காலை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து, பல்லைப் பதித்து, பின்னங்கால் இரண்டாலும் பரபரவென்று உதைக்கும். அதற்குப் பயந்து கொலுசைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன், இரண்டு மாதம் போடவில்லை.

ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. கூடப் பிறந்த குட்டிகளோடு வளர்கிற பூனை, கடியின் அளவை அங்கேயே கற்றுக்கொள்கிறது. ஒன்று மற்றொன்றை அழுத்திக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், இல்லையென்றால் திருப்பிக் கடிக்கும். தாயும் ஒரு தட்டு தட்டும். இப்படித்தான் 'இதற்கு மேல் அழுத்தக் கூடாது' என்பது மண்டையில் ஏறுகிறது. அதனால்தான் குட்டியைக் குறைந்தது எட்டு வாரமாவது தாயிடம் விடச் சொல்கிறார்கள், 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. ஐந்து வாரத்தில் தனியாக வந்த கடுகுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. உங்கள் குட்டிக்கும் கிடைத்திருக்காது. ஒன்பதாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைக்கும்தான் குட்டிகளுக்கு இந்தக் கட்டிப் புரளும் ஆட்டம் உச்சத்தில் இருக்கும். உங்களுடையது சரியாக அதன் நடுவில் நிற்கிறது.

சரி, கடிக்கும்போது என்ன செய்வது? கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எல்லோருக்கும் கை தானாக அப்படித்தான் போகும், தெரியும். இழுத்தால் இரை தப்பிக்கிறது என்று அது இன்னும் இறுக்கும். அந்தக் கோரைப்பல் உள்பக்கமாக வளைந்திருப்பதால் தோலும் கிழியும். அப்படியே கல் மாதிரி நிறுத்துங்கள். விடவில்லை என்றால் கையை மெதுவாக அதன் வாய்ப் பக்கமாகவே கொஞ்சம் தள்ளுங்கள். எலி எங்கேயாவது வாய்க்குள் வருமா? குழம்பிப் போய்ப் பிடியைத் தளர்த்தும். விட்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். ஒரு நிமிடம் போதும், அரை மணி நேரம் தண்டனை எல்லாம் அதற்குப் புரியாது. கடித்தால் ஆட்டம் முடிந்தது என்ற ஒரு கணக்கு மட்டும் அதற்கு ஏற வேண்டும். வலிக்கிறது என்று கீச்சென்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகள் அதற்கு நிற்கும். கடுகுக்கு அந்தச் சத்தம் எலிச் சத்தமாகக் கேட்டதோ என்னவோ, இன்னும் குஷியாகிவிட்டது.

ஆனால் கையை ஒளித்து வைத்தால் மட்டும் ஆகாது. அதற்கு வேட்டையாட ஏதாவது வேண்டும். கடையில் விற்கும் இறகு வைத்த குச்சியை நானும் வாங்கினேன், இரண்டு நாளில் இறகு போய்விட்டது. அப்புறம் அத்தை விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்குச்சி நாலைந்தை உருவிக் கட்டி, நுனியில் பழைய ஜாக்கெட் துணியை இறுக்கி முடிந்து கொடுத்தார். இன்று வரைக்கும் அதை மிஞ்சிய பொம்மை கிடையாது. நம் கைக்கும் அதன் வாய்க்கும் நடுவில் இரண்டு அடி தூரம் இருக்கிறது. துணியை அதன் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையைத் தேடி வராது. தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவிடுக்கில் மறையவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, லேசாக அசையுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் அது உயிரை விடும். நடுநடுவே பிடிக்கவும் விட வேண்டும். சிவப்பு லேசர் விளக்கு எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம்: ஓட ஓட விரட்டுகிறது, கடைசியில் கையில் ஒன்றும் சிக்குவதில்லை, அந்த எரிச்சலில் நம் காலைப் பிடிக்கிறது. பின்னங்காலால் உதைக்கும் ஆசைக்கு, பழைய சாக்ஸில் துணியை அடைத்துத் தைத்துக் கொடுங்கள். காலைக் கட்டிப்பிடிக்க வரும்போது அதை நடுவில் நீட்டினால் அதோடு புரளும்.

பொழுது விடியும்போதும் விளக்கு வைக்கிற நேரத்திலும்தான் பூனைக்கு வேகம் ஏறும். அந்த இரண்டு நேரத்துக்கும் முன்னால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சு வாங்க ஓடவிட்டு, உடனே சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம், தூக்கம் என்பதுதான் அதன் ஒழுங்கு. இரவு படுக்கப் போகும் முன் இதே மாதிரி ஒரு சுற்று முடித்து, உப்புப் போடாத வெந்த கோழியைக் கொஞ்சம் வைத்த பிறகுதான் எங்களுக்கு விடிகாலைத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூ கட்டும் நூல், தையல் நூல், பார்சலில் வரும் ரப்பர் பேண்டு, பால் கவரை வெட்டிப் போட்ட மூலை, எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பூனை நாக்கில் முள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், வாயில் போன நூலை வெளியே துப்ப வராது, விழுங்கத்தான் செய்யும். குடலில் நூல் சுருட்டி இழுத்தால் ஆபரேஷன் வரை போகும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். விளையாடி முடித்ததும் குச்சியையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மூன்று வாரம் கடுகு மாறவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் மகன்தான் போட்டுக் கொடுத்தான்: "அம்மா, நீங்க குளிக்கப் போனா அப்பாவும் கடுகும் தினமும் சண்டை போடுறாங்க." என் வீட்டுக்காரர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதோடு மல்யுத்தம். கேட்டால், "எனக்கு வலிக்கலையே" என்கிறார். அப்பா கையைக் கடிக்கலாம், அம்மா கையைக் கடிக்கக் கூடாது என்று பூனை பிரித்துப் பார்க்குமா? ஒரு ஆள் விட்டுக்கொடுத்தாலும் மற்ற மூன்று பேர் பட்டபாடு வீண். அவர் நிறுத்திய இரண்டாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துண்டு கட்டிய பயில்வான் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

மூக்கில் சுண்டுவது, பிடரியைப் பிடித்துத் தூக்கி ஆட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது, இதெல்லாம் வேண்டாம். நான் ஒரே ஒரு முறை மூக்கில் தட்டினேன். கடி நிற்கவில்லை, ஆனால் கையைத் தூக்கினாலே காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கப் பழகிவிட்டது. அதை மறக்கவைக்க ஒரு மாதம் ஆனது.

விளையாட்டுக் கடி வேறு, தடவும்போது திடீரென்று கடிப்பது வேறு. இரண்டாவதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்: வால் நுனி பட்பட்டென்று அடிக்கும், முதுகுத் தோல் நெளியும், காது பக்கவாட்டில் திரும்பும். அதில் ஒன்றைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் 'தடவு' என்று அர்த்தமில்லை, குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதுவரை சாதுவாக இருந்த பூனை ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தால், அங்கே வலி இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது காயம். இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். ஒரு முறை கட்டைவிரலில் பல் நன்றாக இறங்கிவிட்டது. வெளியே பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. மஞ்சளை வைத்து அப்பினால் சரியாகிவிடும் என்றார் அத்தை. நானும் வைத்தேன். மறுநாள் காலை விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, மடக்க முடியவில்லை. பூனைக் கடி சின்னதாகத் தெரிந்தாலும் ஆழமாக இறங்கும், அதன் வாயில் இருக்கும் கிருமி உள்ளே போய் மூடிக்கொள்ளும். நல்லவேளை மாத்திரையோடு போயிற்று. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் நாய்க்கு மட்டும் வருவது இல்லை, பூனையிடமிருந்தும் வரும். தெருவில் கிடைத்த, ஊசி போடாத குட்டி என்று மறைக்காமல் சொல்லுங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை, அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், டாக்டர் சொல்வார். உங்கள் குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள், வருடம் கழித்து மறுபடியும். நகத்தின் கண்ணாடி மாதிரியான நுனியை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் பிராண்டல் பாதியாகக் குறையும்.

நாலு மாதம் நெருங்கும்போது கடி மறுபடி கூடின மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பால் பல் 26-உம் விழுந்து 30 பல் முளைக்கிற காலம் அது, ஈறு ஊறும். ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் கூட்டும்போது உடைந்த அரிசி மாதிரி ஒன்று கிடைத்தது, கடுகின் பல். என் மகனுக்கும் அப்போது முன்பல் விழுந்திருந்தது. கூரை மேல் போட்டால்தான் அழகாக முளைக்கும் என்று அவன் அப்பத்தா சொல்லியிருந்ததால், இரண்டையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டி, பால்கனியிலிருந்து சன்ஷேடில் எறிந்தான்.

கடுகுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. கையைக் கடிப்பதில்லை, ஈர்க்குச்சியை எடுத்தால் மட்டும் புலி. நான் கொலுசு போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறேன். அத்தை இன்னும் நம்பவில்லை. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் ஹாலைக் கடக்கிறார். கடுகு சோபாவில் படுத்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.