உள்ளூரில் பத்துப் பேர் பலஸ்தீனக் கொடி பிடித்து நிற்பதால் காஸாவுக்கு என்ன பயன்?

கேள்வியின் கீழே தந்திருந்த விளக்கம்: "லண்டனில் எங்கள் ஏரியா ஹை ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமைகளில் பத்துப் பேர் பலஸ்தீனக் கொடியோடு நிற்கிறார்கள். அதில் ஒரு தமிழ் அம்மாவும் இருக்கிறார். இதனால் ஒரு குண்டாவது குறையுமா? நம்மவர்களுக்கு ஏன் இந்த வேலை?"

அந்தத் தமிழ் அம்மா நானாக இருக்க முடியாது. எங்கள் சந்தியில் பத்துப் பேர் வந்தால் அன்று திருவிழா. வழக்கமாக ஐந்தாறு பேர், ஒரு மடக்கு மேசை, காற்றடித்தால் பறக்கிற துண்டுப்பிரசுரங்கள், அவற்றின்மேல் வைக்க யாராவது வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் கற்கள். ஆனாலும் கேள்வி கொஞ்சம் சுட்டது. அதனால் எழுதுகிறேன்.

"நம்மவர்கள்" என்று எழுதியிருப்பதால் நீங்களும் எங்கட பக்கத்துப் பிள்ளை, அநேகமாகப் படிக்க வந்து விசாவைப் பற்றிய கவலையோடு இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். தம்பி என்று கூப்பிடுவேன், வயதில் மூத்தவர் என்றால் கோபிக்க வேண்டாம்.

ஒரு குண்டும் குறையாது தம்பி. 2023 ஒக்டோபருக்குப் பிறகு மத்திய லண்டனில் லட்சக்கணக்கில் சனம் நடந்தது. அதற்குப் பிறகும், 2024 செப்டம்பரில் பிரித்தானிய அரசாங்கம் நிறுத்தி வைத்தது இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் 30ஐ மட்டும்தான். எஃப்-35 போர் விமானத்தின் உதிரிப்பாகங்களுக்கு அதிலும் பெரும்பாலும் விலக்கு. லட்சம் பேரால் ஆகாதது ஐந்து பேரால் ஆகுமா என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் மேசை போடுவது ஆள் பிடிக்க. என்னையே அங்கேதான் பிடித்தார்கள்.

நான் ஒரு ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். சம்பளத்தில் மாதாமாதம் பென்ஷனுக்கு ஒரு தொகை கழியும். வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும், பிரித்தும் பார்க்காமல் லாச்சிக்குள் போட்டுவிடுவேன். எங்கள் மேசைக்காரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்காளர், வெள்ளைக்காரர். மரக்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த என்னை மறித்து அவர் கேட்டது காஸாவைப் பற்றி இல்லை. "எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்றார். பாடசாலை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியென்றால் உங்கள் காசும் அதற்குள் இருக்கிறது."

விஷயம் இதுதான். கவுன்சில் ஊழியர்கள், குப்பை லொறிக்காரர், நூலகத்தார், பாடசாலைச் சமையற்கட்டில் நிற்பவர்கள், எங்களைப் போன்ற உதவியாளர்கள் எல்லோருடைய ஓய்வூதியமும் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 86 நிதிகள் இருக்கின்றன. லண்டனில் அநேகமாக ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென ஒரு நிதி வைத்திருக்கிறது. எதில் முதலிடுவது என்ற கொள்கையை வகுப்பது கவுன்சிலர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு. அந்தக் கவுன்சிலர்களுக்கு வாக்குப் போடுவது நாங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் இருப்பவரைப் பிடிக்க முடியாது, கவுன்சிலரைக் கடைத்தெருவிலேயே பிடிக்கலாம். அந்தக் காசில் ஒரு பகுதி ஆயுதக் கொம்பனிகளின் பங்குகளில் கிடக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

காசை அங்கிருந்து எடுத்தால் பென்ஷன் குறைந்துவிடாதா என்று என் கணவர் கேட்டார், நீங்களும் கேட்பீர்கள். குறையாது. இந்தத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது சம்பளத்தையும் வேலை செய்த வருடங்களையும் வைத்துச் சட்டப்படி கணக்கிடப்படுவது. பங்குச்சந்தை ஏறினாலும் இறங்கினாலும் என் தொகை அதேதான்.

தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கவுன்சிலிடம் கேட்டோம். வந்த பதில் ஒரு நீண்ட எக்செல் அட்டவணை. கொம்பனிப் பெயர்களைத் தேடினால் பாதிக்கு மேல் ஏதோ ஏதோ "ஃபண்ட்" என்றுதான் இருந்தது. லண்டன் கவுன்சில்கள் காசைச் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம் வழியாக முதலிடுகின்றன. அதனால் நேரடியாக இன்ன பங்கு என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நூலக மேசையில் அந்தக் கணக்காளர் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, ஒவ்வொரு ஃபண்டுக்குள்ளும் எது எது இருக்கிறது என்று வேறு அறிக்கைகளோடு ஒப்பிட்டு எழுதினார். நான் பக்கத்திலிருந்து பென்சில் சீவிக் கொடுத்தேன், உண்மையாகவே. போராட்டம் என்றதும் ஒலிபெருக்கியை நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கழன்றுபோவார்கள்.

சட்டமும் கொஞ்சம் எங்கள் பக்கம்தான். அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கொள்கைக்கு எதிராக ஓய்வூதிய நிதி முடிவெடுக்கக் கூடாது என்று 2016இல் ஒரு வழிகாட்டல் வந்தது. பலஸ்தீன ஒருமைப்பாட்டு இயக்கம் வழக்குப் போட்டு, 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. பிறகு பொது நிறுவனங்கள் இப்படிப் புறக்கணிப்பதையே தடுக்க ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள், 2024 பொதுத் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்ததோடு அது செத்துப்போனது. மிஞ்சியிருப்பது 2014இல் சட்ட ஆணைக்குழு சொன்ன இரண்டு நிபந்தனைகள்: நிதிக்குப் பெரிய நட்டம் வரக் கூடாது, திட்டத்தின் உறுப்பினர்களுக்கும் அதே மனக்கவலை இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு அந்தக் கவலை இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? அவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கே பிடிப்பது? தெருவில். நீங்கள் கேட்ட "என்ன பயன்" இதுதான். கொடியைப் பார்த்துத் திட்ட வருகிறவர் ஒருவர், பார்க்காத மாதிரிப் போகிறவர் பத்துப் பேர். நடுவில் ஒருவர் நின்று, தான் கவுன்சிலின் பூங்காப் பகுதியில் வேலை செய்வதாகச் சொல்வார். அந்தப் பெயர் எங்களுக்குத் தங்கம்.

பாடசாலைக்குள் நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் அரசியல் கூடாது, சட்டையில் பட்ஜ் குத்திக்கொண்டு போவதும் இல்லை, அது சரிதான். வேலை முடிந்து கேற்றுக்கு வெளியே வந்த பிறகுதான் கேட்பேன். சமையற்கட்டில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, கானாவிலிருந்து வந்தவர், பலஸ்தீனம் என்றதும் "எனக்கு அந்தச் சண்டை விளங்காது" என்றார். ஆயுதக் கொம்பனியில் நம்முடைய பென்ஷன் காசு என்றதும் பேனையைக் கேட்டு வாங்கினார். அவருடைய மகன் பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கையெழுத்துகளைக் கொடுத்துவிட்டு, குழுக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டோம். ஐந்து நிமிடம் தந்தார்கள். கணக்காளர் திட்டத்தில் உறுப்பினர் இல்லை, அதனால் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். முடிவில் எழுதாததையும் சொன்னேன். என் தலைக்கு மேல் கிபிர் பறந்திருக்கிறது, மந்துவிலில் 1999இல் அது குண்டு போட்டபோது நான் புதுக்குடியிருப்பில் இருந்தேன், அந்த விமானம் இஸ்ரேலில் செய்து இலங்கைக்கு விற்றது, என்னுடைய காசு இன்னொரு பிள்ளையின் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்று. குறிப்பெடுத்த எழுதுவினைஞர் நிமிர்ந்து, "விமானத்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?" என்றார். கே, எஃப், ஐ, ஆர். சொல்லி முடிக்க மணி அடித்துவிட்டது.

இனி "நம்மவர்களுக்கு ஏன்" என்பதற்கு வருகிறேன். எங்கட ஆக்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "2014இல் ரமல்லாவுக்குப் போன மகிந்தவுக்கு அப்பாஸ் பதக்கம் குத்தினவர், தெரியுமா?" தெரியும். அப்போது இலங்கை ஜனாதிபதியாக இருந்த மகிந்தவுக்குப் பலஸ்தீன ஜனாதிபதி குத்திய அந்தப் பதக்கத்துக்குப் பலஸ்தீன நட்சத்திரம் என்று பெயர். முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து வருடமாகவில்லை, வயிறு எரிந்தது. மகிந்த பல வருடங்களாகக் கொழும்பில் பலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவை நடத்தியவர் என்பதும் தெரியும். அந்த மனிதரே மேடையில் ஒருமைப்பாடு பேசிக்கொண்டு இஸ்ரேலின் கிபிரையும் டோரா படகையும் வைத்து எங்களை அடித்தார். தலைவர்கள் ஒருவருக்கொருவர் குத்திக்கொள்ளும் பதக்கத்துக்கு காஸாவில் கூடாரத்தில் இருக்கும் தாய் என்ன செய்வாள்? அவளிடம் கேட்டா குத்தினார்கள்?

2009இல் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை 73 நாள் எங்கட சனம் இருந்தது. நானும் வேலை முடிந்து போவேன். பஸ்ஸில் போகிறவர்கள் நாங்கள் ஏதோ போக்குவரத்துப் பிரச்சினை என்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு சமூகத்தார் எவ்வளவு பேர் வந்து பக்கத்தில் இருந்தார்கள் என்று எண்ண ஒரு கை போதும். அதை வைத்துத்தான் இன்றைக்கு நம்மவர்கள் "எங்களுக்கு யார் வந்தது?" என்கிறார்கள். நான் அதை வைத்துத்தான் போகிறேன்.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் குறை பிடிக்க வேண்டாம். மே மாத முள்ளிவாய்க்கால் நினைவு நிகழ்வில் ஓரமாக ஒரு சின்ன மேசை போட்டுக் கையெழுத்து வாங்கலாமா என்று எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்றிடம் கேட்டேன். கவுன்சிலில் வேலை செய்யும் தமிழர் குறைவில்லையே. "எங்கட துக்கத்துக்குள்ள மற்றவங்கட அரசியலைக் கொண்டு வராதேங்கோ" என்றார் பொறுப்பானவர். சரி, அவர்களுடைய நிகழ்வு. ஆனால் அதே கூட்டத்தில் முக்கால் மணித்தியாலம் எதைப் பற்றிக் கதைத்தார்கள் என்றால், பொதுச்சுடரை யார் ஏற்றுவது, மற்ற அமைப்புக்காரரை எத்தனையாவது வரிசையில் இருத்துவது. அடுத்த வருடம் இரண்டு இடத்தில் இரண்டு நிகழ்வு நடந்தது. துக்கத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தது நானாம்.

எங்கள் மேசையில் இன்னொரு தமிழ் பேசுபவரும் இருக்கிறார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்த அக்கா. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டுப் போகச் சொன்னது புலிகள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாள் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "நீங்களும் வந்திட்டியளே, நல்லம்" என்று மட்டும் சொன்னா. பிறகு ஒரு மழை நாளில், சாமான்களை மூடிக்கொண்டு கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது, கதவில் தாய் பூட்டிய பூட்டைப் பற்றித் தானாகவே சொன்னா. நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது?

இதற்குக் கீழே வரப்போகும் கருத்துகளும் எனக்குத் தெரியும். "ஒக்டோபர் 7 பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை?" இதோ: அன்று சுமார் 1,200 பேரைக் கொன்றதும், 251 பேரைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு போனதும் குற்றம்தான், எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. "யூதர்களுக்கு எதிரானவர்கள்" என்பவர்களுக்கு: அந்தக் கணக்காளரே யூதர், தன்னைப் பற்றி எழுதினால் இதையும் எழுது என்று அவர்தான் சொன்னார். "முஸ்லிம்களுக்கு வால் பிடிக்கிறாள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் கவுன்சிலில் இன்னும் ஒன்றும் முடியவில்லை. நிதி முகாமையாளர்களிடம் அறிக்கை கேட்டார்கள், அறிக்கை வந்தது, கொள்கையை "மீள்பார்வை" செய்வதாகத் தீர்மானம் போட்டார்கள். இழுத்தடிப்பு என்று சிலர் சோர்ந்துபோய் விலகினார்கள். ஆனால் நடக்காத காரியம் இல்லை. 2024இல் வோல்தம் ஃபொரஸ்ட் கவுன்சில் ஆயுதக் கொம்பனிகளிலிருந்து ஓய்வூதிய நிதியை எடுப்பதாக அறிவித்தது. 2025இல் கோ-ஒப் கடைகளின் உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் வாக்குப் போட்டார்கள், அடுத்த மாதமே இஸ்ரேல் உட்பட 17 நாடுகளிலிருந்து பொருள் எடுப்பதை நிறுத்துவதாக நிர்வாகம் சொன்னது. ஒரு பவுண் கட்டினால் அங்கே யாரும் உறுப்பினராகலாம். நீங்கள் பால் வாங்கப் போகும் கடைதான்.

உங்கள் விசா விஷயம்: நான் சட்டத்தரணி இல்லை. மேசையில் நிற்பதும் கையெழுத்து வாங்குவதும் இன்றைக்கும் சட்டப்படியானவை. 2025 ஜூலையில் 'பலஸ்தீன் அக்ஷன்' என்ற வேறொரு அமைப்பைத் தடை செய்தார்கள், அதை ஆதரித்துப் பதாகை பிடித்த நூற்றுக்கணக்கானவர்களைக் கைதும் செய்தார்கள். வழக்கில் வென்ற பலஸ்தீன ஒருமைப்பாட்டு இயக்கம் வேறு, அது வேறு. இருந்தாலும் எந்தப் பதாகை, யார் அச்சடித்தது என்று பார்க்காமல் கையில் வாங்க வேண்டாம். பயமாக இருந்தால் தெருவுக்கே வர வேண்டியதில்லை. அந்த எக்செல் அட்டவணையை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்களுக்கு எப்போதும் குறைவு, கணக்காளருக்கு இப்போது ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை. நூலகம் சனிக்கிழமை ஐந்து மணி வரை திறந்திருக்கும்.