அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர்: அமெரிக்காவில் பிள்ளைக்கு யூதக் கல்வி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எந்தப் பிரிவின் ஜெப ஆலயத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் யூதர், இல்லையென்றால் முறைப்படி மதம் மாற வேண்டும். ரிஃபார்ம் பிரிவு 1983-இல் இதைத் தளர்த்தியது: பெற்றோரில் யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதப் பெயர் சூட்டல், தோரா (யூத வேதம்) படிப்பு, 13 வயதில் பார் மிட்ஸ்வா என்ற பருவச் சடங்கு என்று வளர்ந்தால் யூதராக ஏற்பார்கள். அதாவது அங்கே பிறப்பு மட்டும் போதாது, வளர்ப்பும் கணக்கில் வரும், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, ஞாயிறு காலையில் ஹீப்ரு வகுப்பு, அப்புறம் சர்ச் வகுப்பு என்று இரண்டிலும் சேர்க்கலாமா? இங்கேதான் சிக்கல். வேறு மதத்தில் முறையாகப் படிக்காத பிள்ளைகளை மட்டும் யூத வகுப்பில் சேர்க்கும்படி ரிஃபார்ம் அமைப்பே 1995-இல் தன் ஆலயங்களுக்குப் பரிந்துரைத்தது. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் குடும்பக் குழுக்கள் சிகாகோ, வாஷிங்டன் பக்கம் இருக்கின்றன. ஆனால் எல்லா ரபிகளும் (யூத மதகுருக்கள்) அதை ஏற்பதில்லை.

அதனால் சேர்க்கும் முன்பே ரபியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், பார் மிட்ஸ்வா அன்று அம்மா மேடையில் நிற்கலாமா என்பது உட்பட. பிள்ளை சின்னது என்றால் பிஜே லைப்ரரி என்ற திட்டத்தில் பதிந்துவிடுங்கள், யூதக் கதைப் புத்தகங்கள் இலவசமாக வீட்டுக்கே வரும், கலப்புக் குடும்பங்களுக்கும் தருகிறார்கள்.