புல்தரையில் எழும்பிய விமானம் ஏன் விழுகிறது?

கேள்வி: பழவந்தாங்கலில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே பெரிய விமானங்கள் சிரமமே இல்லாமல் ஏறிப் போகின்றன. ஆனால், வெளிநாட்டில் ஒரு தனியார் புல்வெளி ஓடுபாதையில், நான்கு பேர் ஏறிய சிறு விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகும் மறுபடி அமிழ்ந்து வேலியில் மோதியதைக் காணொளியில் கண்டேன். எழும்பிவிட்ட விமானம் ஏன் விழ வேண்டும்?

பதில்: மெரினாவில் சுண்டல் வண்டி தள்ளுபவரைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் ஒரு கையால் நகரும் வண்டி, மணலில் இறங்கியதும் இரண்டு பேரைக் கேட்கும். சக்கரம் தான் பதித்த பள்ளத்திலிருந்து தானே ஏறி ஏறி உருள வேண்டியிருப்பதுதான் காரணம். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள, நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைக் கான்கிரீட் தரை இருபது கிலோ அளவுக்குப் பின்னிழுக்கிறது என்றால், ஊறிய மண் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். இன்ஜினின் வலிமையில் பெரும் பங்கு மண்ணோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். முழு எடையோடு, 15 டிகிரி வெப்பத்தில், கெட்டியான ஓடுபாதையிலிருந்து கிளம்பி 50 அடி உயரத்தை எட்ட இந்த விமானத்துக்குச் சுமார் 500 மீட்டர் வேண்டும். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் வழிகாட்டுதலின்படி ஈரப் புல்லுக்கு 30 சதவீதம் கூட்டினால் 650 மீட்டர்; மண் இளகியிருந்தால் அதன்மேல் குறைந்தது 25 சதவீதம், ஆக 810 மீட்டரைத் தாண்டும். இந்தச் சதவீதங்களை ஒன்றோடொன்று கூட்டக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் மே மாத வெயிலில், 40 டிகிரியில், கடல் மட்டத்திலேயே விமானம் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத் திணறும் என்பது தனி.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும்போது, அதன் நுனிகளில் எழும் காற்றுச் சுழல்களைத் தரை தடுப்பதால் காற்றின் இழுவை குறைகிறது. அதனால், பறக்கப் போதாத வேகத்திலும் விமானம் மேலே வந்துவிடும். இந்தச் சலுகை இறக்கையின் மொத்த நீளத்தளவு உயரம் வரைதான், அதாவது செஸ்னாவுக்கு 11 மீட்டர். அதிலும் மேலே போகப் போகக் குறையும். முறைப்படி, எழும்பியதும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, புல்லுக்குச் சில அடி மேலேயே பறந்து, வேகம் சேர்த்த பிறகே ஏற வேண்டும். எதிரே வேலி நெருங்குவதைக் கண்டு பதறி மூக்கைத் தூக்கினால் இழுவை கூடும், வேகம் சரியும், விமானம் அமிழும். நீங்கள் கண்டதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

முன்பே நிறுத்தியிருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சீராக வேகம் கூடும் விமானம் ஓடுபாதையின் பாதித் தூரத்தில், எழும்பும் வேகத்தில் 70 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். எட்டாவிட்டால் அங்கேயே த்ராட்டிலை, அதாவது இன்ஜினின் விசையை, குறைத்து நிறுத்திவிட வேண்டும். ஈரப் புல்லில் பிரேக் வழுக்கும் என்பதால், அப்படி நிறுத்துவதற்கு எஞ்சிய பாதி நீளம்கூட அதிகமில்லை. ஆகவே கவனமுள்ள விமானிகள், கிளம்புமுன் ஓடுபாதையை நடந்தே பார்த்து, மண் எங்கே குதிகாலுக்கு அமுங்குகிறது என்று அறிந்து, அந்தப் பாதித் தூரத்தில், ஓடுபாதையின் ஓரமாக, கண்ணில் படும்படி ஒரு கொடியை நட்டுவிட்டு வருவார்கள்.