கல்யாணத்துக்கு முன் ‘குளூட்டா டிரிப்’ போடலாமா?

கேள்வி: மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம். மாநிறம். குளூட்டாதயோனும் வைட்டமின் சி-யும் கலந்த டிரிப்பை வாரம் ஒன்றாகப் பத்து முறை ஏற்றினால் இரண்டு ஷேடு நிறம் கூடும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: நம்ப வேண்டாம். வெயில் படாத மேல்கை உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பிறவி நிறம் அதுதான். முகம் அதைவிடக் கறுத்திருந்தால், அந்த வித்தியாசத்தை மட்டுமே மீட்க முடியும்.

குளூட்டாதயோன் நம் செல்களே தயாரிக்கும் பொருள். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்சைமை அது மட்டுப்படுத்தும். ஆனால் ரத்தத்தில் ஏற்றினால் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பாகிஸ்தானில் 2016-ல் வெளியான ஆய்வில் வாரம் இரண்டு முறை 1,200 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் போட்டார்கள். சிலருக்குத்தான் நிறம் மாறியது. அதுவும் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் நிலைக்கவில்லை. பலருக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் கெட்டன. ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நிறத்துக்காக இந்த ஊசி போடக்கூடாதென 2011-லேயே எச்சரித்தது.

பிறகு எப்படிச் சிலர் பளிச்சென்று ஆகிறார்கள்? டிரிப்போடு சன்ஸ்கிரீனும் தருகிறார்கள், வெயிலில் போகாதே என்கிறார்கள். மேல்தோல் புதுப்பிக்க ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் வெயில் கறுப்பு தானாகவே மங்கிவிடும். பேர் மட்டும் டிரிப்புக்குப் போகிறது!

அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்துக்குப் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். பலர் பயறளவு தடவிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். முகத்தில் மங்கு எனும் கருந்திட்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே அதைக் கறுப்பாக்கும். இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் ‘ஃபேர்னஸ்’ களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முகம் சிவந்து, பருக்கள் கிளம்பி, கல்யாண நேரத்தில் தவிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஏற்கெனவே நான்கு டிரிப் ஏற்றிவிட்டேன். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: இனி வேண்டாம், நிறுத்துவதால் கேடில்லை. கல்லீரல் செயல்பாடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் ஒரு முறை பாருங்கள். வைட்டமின் சி அதிக அளவில் ஏற்றினால், ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீர் கறுத்துப் போகும். சிறுநீரகக் கல் வரும் உடம்புக்கும் அது ஆகாது. தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல், கொப்புளம் தெரிந்தால் டிரிப் போட்ட இடத்துக்கு ஃபோன் செய்துகொண்டிருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: முகம் பரவாயில்லை, கழுத்து மட்டும் கறுப்பு. டிரிப் போட்டால் போகுமா?
– வாசகர், சேலம்

பதில்: போகாது. கழுத்து மடிப்பு தடித்து வெல்வெட் போலக் கறுத்திருந்தால், பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள். எடை குறையக் குறையக் கழுத்தும் தெளியும். நாரால் தேய்த்தால் இன்னும் கறுக்கும்.