பிட்ஸ்பர்க்குக்கு ரோபாட்டிக்ஸ் படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மெஷின் லேர்னிங்கில் (தரவிலிருந்து கணினியே கற்பது) அப்ளைடு ரிசர்ச் செய்ய ஆசை, ஆனால் அங்கே நடப்பது நிஜமாகவே ஆராய்ச்சியா, இல்லை கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதானா என்று கேட்டிருந்தீர்கள். ஊர் எப்படி, வேலை நிலைக்குமா என்பதும் உங்கள் கவலை. நான் இங்கே படித்து, ஓட்டுநர் இல்லாத வண்டிகளில் வேலை பார்த்து, இந்த ஊரிலேயே குடும்பமாகிவிட்டவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊர் நல்ல ஊர். ஸ்குவிரல் ஹில் பக்கம் வீடு பாருங்கள். மாணவர் அட்டையைக் காட்டினால் பஸ் இலவசம், கார் இல்லாமல் சமாளிக்கலாம். குளிரை விட, வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாத சாம்பல் வானம்தான் புதிதாக வருபவர்களை வாட்டும். பென் ஹில்ஸில் வெங்கடேஸ்வரா கோவில் இருக்கிறது, 1970களில் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தமிழ் காதில் விழும். இன்னொன்று: நீங்கள் சேரப்போகும் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் 1979இல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதனால் இது அந்நிய இடம் என்று தயங்க வேண்டாம்.

சரி, ஆராய்ச்சி விஷயத்துக்கு வருவோம்.

1995இல் இதே ஆய்வுக்கூடத்தின் நேவ்லேப் 5 என்ற வேன் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை போனது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மனிதர் பொறுப்பு. ஸ்டியரிங்கை மட்டும் 98 சதவீதத்துக்கு மேல் கணினியே பிடித்தது. அதைப் படித்தால் வேலை அப்போதே முடிந்துவிட்டது போலத் தோன்றும். மிச்சம் இருந்த அந்த இரண்டு சதவீதத்துக்குள்தான் முப்பது ஆண்டுகளாக ஒரு துறையே உட்கார்ந்திருக்கிறது. 2004இல் மொஹாவி பாலைவனத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ஓட்டுநர் இல்லாத வண்டிப் போட்டியில் இங்கிருந்து போன சாண்ட்ஸ்டார்ம் வண்டிதான் எல்லோரையும் விட அதிக தூரம் ஓடியது. 142 மைல் பாதையில் அது கடந்தது 7.4 மைல். மூன்றே ஆண்டுகளில், 2007 நகரப் போட்டியில், இதே ஊரின் ‘பாஸ்’ (Boss) என்ற வண்டி முதலிடம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததற்குப் பெயர்தான் அப்ளைடு ரிசர்ச். வண்டியை வெளியே ஓட்டுவது, அது எங்கே திணறியது என்று வண்டியின் பதிவுகளை (லாக்) பார்ப்பது, காரணம் கண்டுபிடிப்பது, மறுபடி ஓட்டுவது. புரோகிராம் எழுதுவதும் அதில் ஒரு பகுதி. ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். களத்திலிருந்து வந்தால் அது ஆராய்ச்சிதான்.

என் வேலையையே உதாரணமாகச் சொல்கிறேன்: முன்கணிப்பு. பக்கத்தில் வரும் கார், சைக்கிள், நடந்து போகிறவர் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். சந்திப்பில் ஒரு கார் நிற்கிறது. அது நேராகவும் போகலாம், இடப்பக்கமும் திரும்பலாம். சராசரிப் பிழையைக் குறைக்கும்படி மாடலை, அதாவது தரவைப் பார்த்துக் கற்கும் நிரலை, பழக்கினால், இரண்டுக்கும் நடுவே, எந்தக் காரும் போகாத ஒரு கோட்டைப் போட்டுக் கொடுக்கும். அதனால்தான் பல பாதைகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவோடு கணிக்கிறோம். ஆர்கோவர்ஸ் என்ற பொதுத் தரவுத்தொகுப்பு 2019இல் வந்தது. பிட்ஸ்பர்க்கிலும் மயாமியிலும் திரட்டியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காட்சிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்த மூன்று விநாடியைச் சொல்ல வேண்டும். ஆறு பாதைகள் வரை கொடுக்கலாம், அதில் எது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். கட்டுரை எழுத இது போதும். சாலையில் அந்த ஆறில் எது நடக்கப்போகிறது என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். பிரேக் போடுவதா வேண்டாமா என்று வண்டி அந்தக் கணமே முடிவெடுக்க வேண்டும். இந்த இடைவெளி உங்களை உறுத்தினால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, பிட்ஸ்பர்க் லெஃப்ட் என்பார்கள். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். சிக்னல் பச்சையானதும், எதிரே இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் காருக்கு நேராகப் போகிறவர் வழி விடுவார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, வெறும் ஊர் மரியாதை. வேறு நகரத் தரவில் பழகிய மாடல் இதை எதிர்பார்க்காது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத இப்படி ஒரு பழக்கத்தைத் தரவிலிருந்து பிடிக்க முடிந்த நாளின் சந்தோஷமே தனி.

இனி, வருவதற்கு முன் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: எக்ஸ்போர்ட் கன்ட்ரோல், அதாவது சில தொழில்நுட்பங்கள் வெளிநாட்டவர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க விதிகள். இந்தத் துறையில் பாதுகாப்புத் துறைப் பணம் நிறைய வரும். அதற்காக எல்லாமே மூடிய கதவு என்று நினைக்க வேண்டாம். பொதுவில் வெளியிடும் அடிப்படை ஆய்வுக்கு விலக்கு உண்டு, வெளிநாட்டு மாணவர்கள் தாராளமாகச் செய்கிறார்கள். ஆனால் அப்ளைடு பக்கம் போகப் போக அந்த விலக்கு சுருங்கும். சில திட்டங்களில் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் மட்டும்தான் சேரலாம். தரவைக்கூட உங்களுக்குக் காட்டக் கூடாது. இது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு இல்லை. ஆனால் பேராசிரியருக்குப் பிடித்து, திட்டத்துக்கும் பிடித்து, கடைசியில் தாளில் கையெழுத்து விழாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

வேலை நிலைக்குமா? துறை நிலைக்கும். ஆனால் கம்பெனி நிலைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் பணம் போட்ட ஆர்கோ ஏஐ 2022 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்கோவர்ஸை வெளியிட்டது அதே கம்பெனிதான். தரவு இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. இதே ஊரின் அரோரா என்ற கம்பெனி, 2025இல் டல்லாஸ்–ஹூஸ்டன் பாதையில் ஓட்டுநர் இல்லாத லாரிகளை ஓடவிட்டது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால், இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதனால் முதல் வருடச் சம்பளத்திலேயே ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம்தான் கார் எல்லாம்.

பேராசிரியர்களுக்கு இப்போதே மின்னஞ்சல் போடுங்கள். மூன்றைக் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்குப் பணம் யார் தருகிறார்கள், மாணவர் விசாவில் நான் எல்லாத் தரவையும் தொடலாமா, வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியே போகும். மூன்றாவது கேள்விக்கு விவரமாகப் பதில் எழுதுகிறவரிடம் சேருங்கள்.