இந்தக் காலத்து இளம் தம்பதிகள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள்? தமிழ்நாட்டு மக்கள்தொகை குறைவது பற்றிக் கவலையே இல்லையா?

கேள்வி கேட்டவர் பேரனுக்குக் காத்திருக்கும் அப்பாவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மன்னிக்கவும், தொனி அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் கைக்குச் செல்போன் வந்ததால் நடந்தது இல்லை சார் இது. 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். 2019-21இலும் அதே 1.8. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். முதல் கணக்கு எடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். குறைத்தது எங்கள் அம்மாக்கள். அதுவும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று அரசாங்கமே சுவரில் எழுதிக் கேட்டுக்கொண்டதால்.

எனக்கு ஒரே பெண். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். இரண்டாவது வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். போன ஆடிப் பண்டிகைக்கு வந்த சொந்தமெல்லாம் "அப்புறம், விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று சுற்றி வளைத்தார்கள். மாமியாரின் அக்கா மட்டும் நேராகவே கேட்டார்: "ஒரு பையன் இருந்தா நல்லாருக்கும்ல கண்ணு?" விஷயம் அதுதான். இங்கே இரண்டாவது கேட்கிறவர்கள் பையனைத்தான் கேட்கிறார்கள். என் தங்கைக்கு முதலாவது பையன், அவளை யாரும் நச்சரிப்பதில்லை. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். அந்த ஊரில் ஒரு பெண்ணோடு நிறுத்தியதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

எல்லோரையும் சொல்லவில்லை. என் மாமனார் பேத்தியை வண்டியில் முன்னால் நிற்க வைத்து ஊரெல்லாம் சுற்றுகிறவர். நிறையப் பெற்றவர்களைக் குறை சொல்லவும் இல்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

சுயநலம் என்பவர்களுக்கு ஒன்று. தனியார் நிறுவனங்களிலும் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் வயிறு தெரிந்ததும், "ரிலீவ் ஆயிடுங்க மேடம், அடுத்த ஜூன்ல பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த ஜூன் வரவே இல்லை.

குழந்தையோடு வாடகை வீட்டில் இருப்பது அதைவிடக் கொடுமை. பழைய வீட்டுக்காரர் பாப்பா சுவரில் கிறுக்கிவிட்டாள் என்று சொல்லி, பெயிண்ட் செலவு என்று அட்வான்சில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். கிறுக்கினது ஹாலில் ஒரு மூலை. பணம் பிடித்தது முழு வீட்டுக்கும். நாங்கள் குடிவரும்போதே அந்தச் சுவரெல்லாம் உப்புப் பூத்துதான் இருந்தது.